போண்டா பேப்பர்

எம்.ஏ. படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. என்ன எம்.ஏ. என்று கேட்டபோதுதான் சிக்கல் வந்தது. வயது வந்தோர் கல்வி என்றேன். என் கணவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, முதியோர் கல்வியைத்தான் இப்போது அப்படிச் சொல்கிறார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உனக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியுமே, பிறகு எதற்கு என்றார். இந்த நகைச்சுவையை அவர் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு விருந்தாளியிடமும் அன்றைக்குத்தான் தோன்றியதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் ஒவ்வொரு முறையும் காபி டம்ளரைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

அது தொண்ணூறுகளின் பிற்பாதி. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் வரிசை வரிசையாகப் புது வீடுகள் வந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். கணவருக்கு அங்கேயே ஒரு அலுவலகத்தில் வேலை. எனக்கு பி.ஏ. முடித்த கையோடு கல்யாணம் ஆகிவிட்டது. மேலே படிக்கிறேன் என்று அப்போது சொன்னதற்கு, மாப்பிள்ளை வீட்டில் போய்ப் படித்துக்கொள் என்று என் அப்பா சொன்னார். அவர் பேச்சுக்குச் சொன்னதை நான் நிஜமாகவே எடுத்துக்கொண்டேன். மூத்தவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அஞ்சல் வழியில் சேர்ந்தேன்.

சனி ஞாயிறுகளில் கோயிலுக்கு மேற்கே ஒரு ஆரம்பப் பள்ளியில் எங்களுக்கு வகுப்பு. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். முட்டி தாடையில் இடிக்கும். பஸ் கண்டக்டர் ஒருவர், விடுதி வார்டன் ஒருவர், ஆஸ்பத்திரி நர்ஸ்கள், ஒரு ஹெட் கான்ஸ்டபிள் என்று வகுப்பு முழுக்கப் பெரிய ஆட்கள். அத்தனை பேரும் வந்ததும் கடைசி பெஞ்சுக்குத்தான் ஓடுவார்கள். கான்ஸ்டபிள் தூங்கினால் வார்டன் அவர் காதில் துண்டைத் திரித்து விடுவார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் மேட்னிக்குப் போய்விடுவார்கள்.

ஒரு நாள் பேராசிரியர் மனம் உருகிப் பேசிக்கொண்டிருந்தார். குழந்தைகள் பயந்து படிக்கிறார்கள், வயது வந்தவர்கள் அப்படி இல்லை, அவர்களுக்குத் தேர்வு பயம் கிடையாது, மதிப்பெண்ணுக்காக அவர்கள் படிப்பதில்லை, தேவை இருந்தால் தாங்களாகவே தேடிப் படிப்பார்கள் என்றார். கண்டக்டர் கை தூக்கினார்.

"சார், இது பரீட்சைக்கு வருமா?"

அந்தக் கேள்விக்காக நாங்கள் எல்லோருமே காத்துக்கொண்டிருந்தோம் என்பதுதான் வெட்கக்கேடு. வரும் என்று பேராசிரியர் சொன்னதும் அத்தனை பேனாவும் ஒன்றாகத் திறந்தன.

முதல் வருஷம் நல்லபடியாகத் தேறினேன். அதன் பிறகு சின்னவன் பிறந்தான், ஒரு வருஷம் விட்டுப்போயிற்று. திரும்பப் போனபோது, பாடத்திட்டம் மாறப்போகிறது, பழையவர்கள் இந்த முறையே முடித்துவிட வேண்டும், தவறினால் முதல் வருஷத்திலிருந்து மறுபடியும் எழுத வேண்டும் என்றார்கள். அதே நேரத்தில் ஊரில் ஒரு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஜூன் மாதத்துக்குள் பட்டம் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. எழுத்துத் தேர்வைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எழுதி எழுதிக் கை பழகியிருந்தது. செய்முறைத் தேர்வுதான் பயமாக இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு நாமே ஒரு வகுப்பு நடத்த வேண்டும். சில மாதம் கழித்துச் சென்னையிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து, அவர்கள் உண்மையிலேயே படிக்கிறார்களா என்று பார்ப்பார். படித்தால் நான் பாஸ். அவர்கள் வாய் திறக்காவிட்டால் என் எம்.ஏ. அங்கேயே முடிந்தது.

என் கணவரின் அக்காவைக் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அந்த ஊரில் அண்ணி சொன்னால் நடக்கும். கல்யாணம், காதுகுத்து, பஞ்சாயத்து எதுவானாலும் அவர் குரல் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். வகுப்புக்கு ஆள் வேண்டும் என்று நான் கேட்டதும், "எவ்ளோ பேரு வேணும் சொல்லு, இட்டாந்து உட்கார வெக்கிறேன்" என்றார். அடுத்த வாரமே இருபது பெண்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். அண்ணியும் முதல் வரிசையில் உட்கார்ந்தார். தம்பி பெண்டாட்டியிடம் படிக்க அவருக்குக் கூச்சம் எதுவும் இல்லை. எனக்குத்தான் அவரைக் கேள்வி கேட்க பயமாக இருந்தது.

வகுப்பு நடந்த இடம் பால் சொசைட்டி. காலைப் பாலுக்கும் சாயங்காலப் பாலுக்கும் நடுவில் அந்த அறை காலியாக இருக்கும். தரை கழுவி ஈரமாக இருக்கும், பால் வாடை இருக்கும். பெண்கள் சும்மா வர மாட்டார்கள். ஆளுக்கு ஒரு முறத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைக் கொண்டுவந்து, உரித்துக்கொண்டே பாடம் கேட்பார்கள். நான் கரும்பலகையில் எழுதும்போது முதுகுக்குப் பின்னால் படபடவென்று ஓடு உடையும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் நின்றால் யாரோ யோசிக்கிறார்கள் என்று அர்த்தம். முதல் இரண்டு மாதம் அந்தச் சத்தம் நிற்கவே இல்லை.

எங்களுக்குக் கொடுத்திருந்த முதல் புத்தகத்தில் ஏர், மரம், குடம் என்று படம் போட்டு எழுத்து இருந்தது. ஏர் ஓட்டத் தெரிந்தவர்களிடம் ஏர் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால் அவர்களுக்குச் சிரிப்பு வராதா? வந்தது. தேவையைச் சொல்லிப் புரியவை என்று எங்கள் பாடம் சொன்னது. சொன்னேன். படித்தால் பஸ் போர்டு படிக்கலாம் என்றேன். எங்களுக்கு எந்த வண்டி எந்தக் கலர் என்று தெரியும், கண்டக்டர் யார் மருமகன் என்றும் தெரியும் என்றார்கள். கையெழுத்துப் போடலாம் என்றேன். அது மட்டும் வேண்டும் என்று கற்றுக்கொண்டு, அதற்கு மேல் எதற்கு என்று முறத்தை எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து என் பாடநூல்களை முறைத்துப் பார்த்தேன். எழுதியவர்கள் யாரும் மல்லாட்டை உரிக்கிறவர்களுக்குப் பாடம் எடுத்ததில்லை என்று தோன்றியது.

மாற்றம் வந்தது ஒரு போண்டாவால். வகுப்பில் இருந்த ஒரு அம்மாவுக்கு ரோட்டோரத்தில் போண்டாக் கடை. ஒரு நாள் மிஞ்சிய போண்டாக்களைக் கொண்டுவந்து பழைய பேப்பரைக் கிழித்து வைத்து எல்லோருக்கும் கொடுத்தார். மூக்குத்தியக்கா என்று ஒருவர் உண்டு. பெரிய எட்டுக்கல் மூக்குத்தி போட்டிருப்பார், அதனால் ஊர் வைத்த பேர். இரண்டு கறவை மாடு வைத்திருந்தார். அவருக்கு வந்த பேப்பர் துண்டில் ஒரு கிணற்றின் படம் இருந்தது. அதற்குள் ஒரு மாடு. சுற்றிலும் தீயணைப்பு வண்டிக்காரர்கள். போண்டாவைக் கீழே வைத்துவிட்டு, மாடு பிழைத்ததா என்று என்னிடம் கேட்டார். எனக்கு அன்றைக்கு இருந்த எரிச்சலில், நீங்களே படித்துப் பாருங்கள் என்றேன்.

அவர் படித்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி, தெரியாத எழுத்தை அண்ணியிடம் கேட்டு, அண்ணிக்கும் தெரியாததை என்னிடம் கேட்டு, சாயங்காலப் பால் வரும்வரை அந்த ஒரு பத்தியைப் படித்தார். மல்லாட்டைச் சத்தம் மொத்தமாக நின்றுபோயிருந்தது. மாட்டின் வயிற்றில் கயிறு கட்டுகிற இடத்தில் பேப்பர் கிழிந்திருந்தது. மறுநாள் போண்டாக்கடையம்மா தன் கடையிலிருந்த பேப்பர் கட்டு முழுவதையும் பிரித்துத் தேடி, மீதித் துண்டைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். மாடு பிழைத்துவிட்டது. அறையில் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். நானும் விட்டேன்.

அதன் பிறகு எனக்கு வேலையே இல்லை. கிழிந்த பேப்பர்தான் பாடம். சமையல் குறிப்பு, சாமியார் கைது, எந்த ஊரிலோ ஓடிப்போன ஜோடி, எல்லாமே பாதியில் நிற்கும். மீதி எங்கே என்று தெரியாவிட்டால் இவர்களுக்குச் சோறு இறங்காது. அடுத்த வீட்டு விஷயம் தெரிந்தாக வேண்டும் என்கிற அந்தத் துடிப்பைவிடப் பெரிய தேவை ஒன்று உண்டா? பஸ் போர்டையும் கையெழுத்தையும் கட்டிக்கொண்டு அழுத எங்கள் பாடநூல் ஆட்களுக்கு இது தோன்றவே இல்லை. இதையே என் ஆய்வறிக்கையாக எழுதினேன். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் தட்டச்சுக்குக் கொடுத்தேன். வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் திருத்தம் சொல்ல, போண்டா என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருவதைப் பார்த்து, இது சமையல் புத்தகமா என்று கடைக்காரர் கேட்டார்.

மாசி வாக்கில் தேர்வாளர் வருகிற தேதி தெரிந்தது. பார்த்தால் பௌர்ணமி. எங்கள் ஊரில் பௌர்ணமியன்று எவனும் எந்த வேலையும் வைத்துக்கொள்ள மாட்டான். கிரிவலக் கூட்டத்தில் ஊர் நிரம்பிவிடும், பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். சென்னையில் உட்கார்ந்து தேதி குறிக்கிறவர்களுக்கு நிலாவைப் பற்றி என்ன கவலை?

முந்தின வாரம் வகுப்பில் விஷயத்தைச் சொன்னேன். ஒரு ஐயா வருவார், என்னைப் பரீட்சை பண்ணத்தான் வருகிறார், நீங்கள் எப்போதும்போல இருங்கள், அவர் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள் போதும் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அண்ணி மட்டும் கண்ணைச் சுருக்கி, "பெரிய ஆபீசரா?" என்று கேட்டார். ஆமாம், பெரியவர்தான் என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

அந்த ஊர்ப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஜீப் சத்தம் கேட்டால் அந்த ஊரில் மாடுகள் பின்பக்கக் கொல்லைக்குப் போய்விடும். டி.வி. பெட்டி மேல் பழைய புடவை விழும். கழுத்துச் சங்கிலி ரவிக்கைக்குள் போகும். ஆபீசர் வந்து என்ன இருக்கிறது என்று கேட்டால், எதுவும் இல்லை என்று சொல்ல வேண்டும். இருக்கிறது என்றால் வீடும் வராது, கடனும் வராது, இருக்கிற சலுகையும் போய்விடும். இல்லை என்று சொல்கிறவருக்குத்தான் கிடைக்கும். இது அங்கே பிள்ளைகளுக்குக்கூட அத்துப்படி. எனக்கும் தெரியும். படிப்பையும் இப்படிப் புடவை போட்டு மூடுவார்கள் என்றுதான் எனக்குத் தோன்றவில்லை.

பௌர்ணமியன்று காலையிலேயே என் கணவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தேர்வாளரை அழைக்கப் போனார். தேர்வாளர் வந்த பஸ் கீழ்பென்னாத்தூர் வழியாகத்தான் வந்தது. அங்கேயே இறங்கியிருந்தால் பத்து நிமிஷத்தில் எங்கள் வகுப்புக்கு வந்திருக்கலாம். ஆனால் திருவண்ணாமலையில் இறங்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள், அவரும் சொன்னதைச் செய்கிறவர். ஊருக்கு வெளியே இறக்கிவிட்ட இடத்திலிருந்து கூட்டத்தோடு கூட்டமாக வெயிலில் நடந்து, எங்கள் சனி ஞாயிறு வகுப்பு நடக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய், பூட்டியிருந்த கதவைப் பார்த்துவிட்டு நின்றிருக்கிறார். கணவர் தேடிக் கண்டுபிடித்து, வந்த வழியிலேயே திரும்பக் கூட்டிவந்தபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. மெலிந்த மனிதர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். முதலில் தேர்வு என்றார்.

பெண்கள் எல்லோரும் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முறம் இல்லை, மல்லாட்டை இல்லை. அப்போதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. கரும்பலகையில் ஒரு எளிய வாக்கியம் எழுதி, மூக்குத்தியக்காவைப் படிக்கச் சொன்னேன். வகுப்பிலேயே வேகமாகப் படிக்கிறவர் அவர்தான். அவர் எழுந்து நின்று பலகையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு அண்ணியைப் பார்த்தார்.

"தெரியாதுங்க டீச்சர்."

அடுத்தவரைக் கேட்டேன். தெரியாது. அதற்கடுத்தவர். தெரியாது. போண்டாக்கடையம்மா கேட்பதற்கு முன்னாலேயே தெரியாது என்றார். அண்ணி புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ரொம்ப மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, உங்களுக்கு எழுத்துகூடத் தெரியாதா என்று கேட்டார்.

"நாங்கெல்லாம் கைநாட்டுங்க ஐயா," என்றார் அண்ணி. "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. இந்தம்மா பாவம், தினிக்கும் வந்து கத்துது."

சரி, வந்ததற்குக் கையெழுத்தாவது போடுங்கள் என்று அவர் பேனாவை நீட்டினார். பெண்கள் வரிசையாகக் கட்டைவிரலை நீட்டினார்கள். மை டப்பா கொண்டுவரவில்லையா என்று ஒருவர் கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் எனக்கு என் கணவர் மேல்கூட வந்ததில்லை. எத்தனை மாதம், எத்தனை பஸ், சின்னவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடி வந்த மத்தியானங்கள், எல்லாவற்றையும் இவர்கள் ஒரு கட்டைவிரலில் அழித்துவிட்டார்களே என்று அழுகை முட்டியது. அண்ணியை ஓரமாகக் கூப்பிட்டு, ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"நீ சும்மா இரு," என்றார். "எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

தேர்வாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. வெயிலில் இவ்வளவு தூரம் வந்தது வீணாயிற்றே என்கிற வருத்தம்தான் அவர் முகத்தில் இருந்தது. உங்கள் அறிக்கை நன்றாக இருந்தது அம்மா, ஆனால் நான் நேரில் பார்ப்பதற்குத்தான் மார்க் போட முடியும் என்றார். இவர்களுக்குப் படிக்கத் தெரியும், பொய் சொல்கிறார்கள் என்று அவர்கள் முன்னாலேயே எப்படிச் சொல்வது? சொன்னால்தான் யார் நம்புவார்கள்? வாசலில் நின்றிருந்த என் கணவர் முதல் தடவையாக என் படிப்பைப் பற்றி ஜோக் எதுவும் சொல்லாமல் நின்றார். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் அழுகை வந்தது.

ஆனாலும் வந்தவரைப் பசியோடு அனுப்புகிற ஊர் இல்லை அது. போண்டாக்கடையம்மா கூடையைத் திறந்தார். சுடச்சுட மசால் போண்டாவும் ஒரு தூக்கில் டீயும் வந்தன. பேப்பரைக் கிழித்துக் கிழித்து எல்லோருக்கும் வைத்தார். ஐயாவுக்கு மட்டும் மரியாதையாக ரெட்டைப் பேப்பர். பசி வந்துவிட்டது போல, அவரும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். பரீட்சை முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் உடம்பு தளர்ந்தது. பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தார்கள். நான் மட்டும் பால் கேனுக்குப் பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் போனது. மூக்குத்தியக்காவின் குரல் கேட்டது.

"அடியே, முகூர்த்தத்துக்கு நேரமாயிடுச்சாம், மாப்பிள்ளைய காணலையாம்."

ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வந்த ஏதோ ஒரு கதை. போண்டாவைத் தின்று முடித்து, எண்ணெயைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு, அவர் தன் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அறைக் கதவை மாமனார் இடிக்கிற இடத்தில் அவருடைய துண்டு முடிந்துவிட்டது. மீதி யாரிடம் என்று கேட்டார். அவ்வளவுதான், அத்தனை பேரும் அவரவர் போண்டாவை வழித்துப்போட்டுப் பேப்பரைத் தேட ஆரம்பித்தார்கள். என்னிடம் தங்கம் விலை இருக்கிறது என்றார் ஒருவர். என்னிடம் பாதி சுடிதார் விளம்பரம் என்றார் இன்னொருவர். அண்ணி தன் துண்டைத் திருப்பிப் பார்த்து, "இரு இரு, இங்க இருக்குது" என்று உரக்கப் படித்தார். கதவை உடைத்துப் பார்த்தால் அறை காலி. கட்டிலில் பட்டு வேட்டி அப்படியே இருக்கிறது. பெண் மயங்கி விழுகிறாள். அவன் ஓடியிருப்பான் என்றார் ஒருவர். அவனுக்கு வேறு தொடுப்பு இருக்கும் என்றார் போண்டாக்கடையம்மா. இல்லை, ஆரம்பத்தில் நல்லவன் என்று போட்டிருக்கிறது, நான் படித்தேன் என்று மூக்குத்தியக்கா சண்டைக்கு வந்தார். அண்ணியின் துண்டும் முடிந்தது. கடைசிப் பகுதியைக் காணோம்.

எல்லோரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரே இடத்தைப் பார்த்தார்கள். தேர்வாளர் பாதி போண்டாவோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். மூக்குத்தியக்கா எழுந்து அவரிடமே போய்விட்டார்.

"ஐயா, அந்த போண்டாவ கொஞ்சம் இந்தாண்ட தள்ளுங்க."

அவர் தள்ளினார். மூக்குத்தியக்கா குனிந்து, எண்ணெய்க் கறைக்குள் கண்ணை இடுக்கிக்கொண்டு, ஒரு சொல் விடாமல் உரக்கப் படித்தார். மாப்பிள்ளை எங்கும் போகவில்லை. ராத்திரி கொசுக்கடி தாங்காமல் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் படுத்து, மேளச் சத்தத்துக்குக்கூட எழுந்திருக்காமல் தூங்கிக்கொண்டிருந்தான். "அட, இதுக்குத்தானா அந்தப் பொண்ணு மயக்கம் போட்டு வுழுந்துது" என்று அவர் சலித்துக்கொள்ள, அறையே சிரித்தது.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். அதைப் பார்த்து அடுத்தவர். ஒவ்வொருவராகச் சத்தம் அடங்கியது. தேர்வாளர் போண்டாவைக் கீழே வைத்தார்.

"படிக்கத் தெரியாதுன்னு சொன்னீங்களேம்மா?"

மூக்குத்தியக்கா கொஞ்சமும் அசரவில்லை. "தெரியாதுங்க ஐயா," என்றார். "இது போண்டா பேப்பருங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை படிப்பு என்றால் அந்த ஏர், மரம், குடம் போட்ட புத்தகம். இது வேறு, இது கதை தெரிந்துகொள்வது. தேர்வாளருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்துப் புரையேறி, என் கணவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். சிரித்து முடித்துவிட்டு அவர் அண்ணியைப் பார்த்து, ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார். அண்ணி தலை குனிந்து முந்தானையை முறுக்கினார். அவர் தலை குனிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"தெரியும்னு சொன்னா கிளாஸ மூடிடுவீங்களே ஐயா. படிச்சு முடிச்சவங்களுக்கு எதுக்கு டீச்சருனு கேப்பீங்க. இந்தப் பொண்ணு அப்பறம் வராது. தெரியாதுனு சொன்னாத்தான் இன்னும் ரெண்டு வருசம் அனுப்புவீங்கனு நாங்களா பேசிக்கிட்டோம். அதுக்கு மார்க்கு கம்மியாவும்னு எங்களுக்குத் தெரியாதுங்க."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். இந்த முறை எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. என்னை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக, கஷ்டப்பட்டுச் சேர்த்த எழுத்தை இவர்கள் மாட்டைக் கொல்லைக்கு ஓட்டுகிற மாதிரி ஓட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். என் மேல் இவ்வளவு ஆசை வைத்தவர்கள் வேறு யாரும் இல்லை என்று தோன்றியது. என் கணவர் மன்னிக்க வேண்டும்.

தேர்வாளர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்தார். மார்க் போடுவதற்கு முன்னால் ஒரு சந்தேகம் என்றார். எங்கே என் ஆய்வறிக்கையில் கேள்வி கேட்கப் போகிறாரோ என்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

"எனக்கு முடிவு மட்டும்தான் தெரியுது. ஆரம்பத் துண்டு யாருகிட்ட இருக்கு?"

மூக்குத்தியக்கா தன் துண்டைக் கொடுத்தார். அவர் அதைப் படித்து முடித்து, இன்னொரு போண்டா வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் எழுதினார். பெண்கள் எல்லோரும் அன்றைக்குக் கிரிவலம் போக ஏற்கெனவே வேன் பேசி வைத்திருந்தார்கள். சென்னை பஸ்ஸில் இடம் கிடைக்காது என்று ஆனதும் அவரையும் அதில் ஏற்றிக்கொண்டார்கள். போகிற வழியெல்லாம் அவரை எந்தப் போர்டையும் படிக்க விடாமல் இவர்களே படித்துக் காட்டினார்களாம்.

ஜூனுக்குள் பட்டம் வந்தது. வேலையும் கிடைத்தது. என் கணவர் விருந்தாளிகளிடம் சொல்கிற பழைய ஜோக்கை விட்டுவிட்டு, என் பெண்டாட்டி போண்டாவில் எம்.ஏ. வாங்கியவள் என்று புதியதைத் தொடங்கினார். அதற்கு நான் காபி டம்ளரை மெதுவாகவே வைத்தேன்.

தேர்ச்சி செய்தி வந்த வாரம், சனிக்கிழமை மத்தியானம் வழக்கமான பஸ்ஸில் போய் இறங்கினேன். விஷயம் எனக்கு முன்னாலேயே ஊருக்குப் போயிருந்தது. பெண்கள் பால் சொசைட்டியில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மல்லாட்டைச் சத்தம் நின்றது. அண்ணி எழுந்திருக்கவில்லை. சந்தோஷமான செய்திக்குப் போடுகிற முகம் இல்லை அவருக்கு.

"பாஸாயிட்டியாமே," என்றார். "பெரிய வேலையும் கெடைச்சிடுச்சாம். எல்லாம் தெரிஞ்சிக்கினவ இங்க இன்னாத்துக்கு வந்த?"

நான் செருப்பைக் கழற்றி வெளியே விட்டேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க அண்ணி," என்றேன். "நான் கைநாட்டு."

அண்ணி தன் முறத்தை நகர்த்தி, பக்கத்தில் எனக்கு இடம் விட்டார்.